சிறு முதலில் கொல்லைத் தோட்டம்

நம் அங்கத்தினர் இல்லங்கள் பலவற்றில் தறிக்கூடத்தின் பின்னே ஒரு சென்ட் நிலமேனும், அதாவது ஏறத்தாழ 435 சதுர அடி, வெறுமையாய்க் கிடக்கின்றது. அதனைத் திருத்த முற்படுவோர் முதலில் செடிகளையும் தொட்டிகளையும் வாங்கிக் கைப்பொருளைத் தீர்த்துவிடுகின்றனர். வேலிக்குப் பணமில்லாமற் போகவே, ஆடுகள் புகுந்து மேய்ந்துவிடுகின்றன.

ஆதலின் முதற் செலவு வேலிக்கே ஆகட்டும். எருவுக்கு விலை கொடுக்க வேண்டுவதில்லை; சாணத்தையும் சருகையும் குழியிலிட்டு மக்கவைத்தால் போதும்.

குளித்த நீர் ஓடும் வழியில் வாழை வைக்கலாம். சாயப்பட்டறை நீரை மட்டும் எச்செடிக்கும் விடலாகாது. அதிலுள்ள உப்பு மண்ணையும் கிணற்றையும் ஒருங்கே கெடுக்கும்.

முருங்கைக்கு அண்டை வீட்டார் தரும் போத்து ஒன்றே போதும். அதன் கிளை காற்றில் எளிதில் முறியுமாதலால் ஓட்டுக் கூரையினின்றும் தள்ளி நடுதல் வேண்டும். அவரையையும் பீர்க்கையும் வேலிமீதே ஏற்றினால் பந்தற் செலவு மிச்சம்.

முளைக்கீரை விதைத்த நான்கு வாரங்களில் பறிப்புக்கு வரும். அதனால் மிஞ்சும் காய்கறிக் காசை உண்டியலில் சேர்த்து, அதைக்கொண்டே அடுத்த பாத்தியைத் திருத்துவோமாக. தோட்டத்திற்கெனக் கடன் வாங்குதல் வேண்டா.