ஃபால்சிகோவா, ஃபால்சிடாபா?

மருந்துக்கடையில் மாத்திரை மாறிப்போனால் திட்டு வாங்குபவர் எடுத்துக்கொடுத்த பையன்தான். அந்த மருந்துக்குப் பெயர் வைத்தவரை யாரும் தேடிப்போவதில்லை.

குஜராத்தின் கேடிலா நிறுவனம் இரண்டாகப் பிரிந்தபின் நடந்த வழக்கு இது. பங்காளிகளில் ஒருவர் ‘ஃபால்சிகோ’ விற்றார். இன்னொருவர் ‘ஃபால்சிடாப்’ கொண்டுவந்தார். இரண்டும் மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கானவை. உள்ளே இருந்த மருந்தோ வேறு வேறு: ஒன்றில் ஆர்ட்டிசுனேட், மற்றதில் மெஃப்ளோகுயின். மருத்துவமனைகளுக்கு மட்டுமே விற்பதால் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள், குழப்பம் வராது என்றன கீழ் நீதிமன்றங்கள். 2001இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மருத்துவரும் மருந்தாளுநரும்கூடத் தவறக்கூடியவர்கள்தான், அவசரத்தில் வாய்வார்த்தையாக மருந்து கேட்பதும் நடக்கும், ஆகவே மருந்துப் பெயர்களுக்குக் கூடுதல் கண்டிப்பு வேண்டும் என்றது. அனுமதி கொடுக்குமுன் பெயரைச் சரிபார்க்கும் யோசனையும் அந்தத் தீர்ப்பிலேயே உண்டு.

அதற்கான விதித் திருத்தம் வர 2019 ஆயிற்று. அதிலும், இதே பெயரோ இதைப் போன்ற பெயரோ சந்தையில் இல்லை என்று விண்ணப்பிக்கும் கம்பெனியே எழுதிக்கொடுக்கிறது. மாப்பிள்ளையே தனக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதிக்கொள்வது மாதிரி!

அமெரிக்காவில் அரசு அமைப்பே பெயரைப் பரிசீலிக்கிறது. அங்கும் சறுக்கல் உண்டு. வயிற்று அமிலத்துக்கான ‘லோசெக்’, நீர் பிரிய வைக்கும் ‘லேசிக்ஸ்’ஸோடு குழம்பியதால் 1990இல் ‘பிரைலோசெக்’ ஆனது. மனச்சோர்வுக்கான ‘பிரின்டெலிக்ஸ்’, ரத்தம் உறையாமல் தடுக்கும் ‘பிரிலின்டா’வோடு மாறியதால் 2016இல் ‘ட்ரின்டெலிக்ஸ்’ ஆயிற்று. விற்பனைக்கு வந்த பிறகும் பெயரை மாற்ற வைத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

நம் ஊர்க் கவுன்டருக்கு வருவோம். மருத்துவர் சீட்டுக்கான மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பல கடைகளில் அவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கும், ஆள் இருக்கமாட்டார். மருத்துவர்கள் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டுமென்று 2016இல் மருத்துவக் கவுன்சில் சொன்னது. எத்தனை சீட்டில் அது தெரிகிறது என்பதை அவரவர் வீட்டு ஃபைலைப் பிரித்துப் பார்க்கலாம்.

சரியான மருந்தே கையில் வந்தும் ஆபத்தாகலாம். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒருநாள்தான் சாப்பிட வேண்டும். பழக்க தோஷத்தில் அட்டைமேல் ‘காலை 1’ என்று எழுதிவிட்டால் தினமும் உள்ளே போகும். வாய் முழுக்கப் புண் வரும், எலும்பு மஜ்ஜை செயலிழந்து ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். கூடவே எழுதித்தரும் ஃபோலிக் ஆசிட்டும் பெரும்பாலும் அதே போலச் சின்ன மஞ்சள் மாத்திரை. எனவே ‘வாரம் ஒருமுறை’ என்றுகூட வேண்டாம், ‘திங்கள்கிழமை மட்டும்’ என்று கிழமையையே எழுதச் சொல்லுங்கள்.

மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டித் தரும் வழக்கமும் இருக்கிறது. பெயரும் காலாவதித் தேதியும் அச்சான பகுதி கடையிலேயே தங்கிவிடும். வீட்டுக்கு வருவது பெயரில்லாத நாலு குமிழ். அடுத்தமுறை அதைக் காட்டி, “இதே மாத்திரை கொடுங்க” என்றால் கடைக்காரர் நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், பெயர் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.