பதினான்கு நாட்களுக்கு மட்டும் இலவசமான காடு

2024 செப்டெம்பரில் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்காக அமெரிக்கா போயிருந்தேன். போர்ட்லண்டில் இருக்கும் சித்தப்பாவின் மகன், "சனி ஞாயிறு காட்டுக்குப் போய் காம்ப் அடிப்பம்" என்றார். அன்றிரவு அதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அவனுக்கு வீடு இருக்குத்தானே, பிறகென்னத்துக்குக் காம்ப்?" என்று கேட்டார்.

2009 இல் செட்டிகுளம் மனிக்பாமில் எட்டு மாதங்கள் இருந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் காம்ப் என்ற சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. வெயிலில் கொதிக்கும் தறப்பாள், தண்ணீருக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை, சுற்றிவர முட்கம்பி. அதை ஒருவர் விடுமுறைக்காகத் தேடிப் போவார் என்பது அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் காசில்லாமல், முன்பதிவில்லாமல், அரச காட்டுக்குள் யாரும் போய்த் தங்கலாம் என்று அண்ணா சொன்னது ஆச்சரியமாக இருந்தது. ஒதுக்கக்காட்டுக்குள் அனுமதியின்றிக் கால் வைத்தாலே வழக்கு விழும் நாட்டிலிருந்து வந்தவளுக்கு அப்படித்தான் இருக்கும்.

அமெரிக்காவில் தேசியப் பூங்கா வேறு, தேசியக் காடு வேறு. பூங்காக்கள் உள்துறைத் திணைக்களத்தின் கீழ் வருபவை. அங்கே நுழைவுக் கட்டணம், ஒதுக்கப்பட்ட தங்குமிடம் எல்லாம் உண்டு. தேசியக் காடுகளோ வேளாண்மைத் திணைக்களத்தின் கீழ், 1905 இல் தொடங்கப்பட்ட வனச்சேவையால் நிர்வகிக்கப்படுகின்றன. மரம் வெட்டுவது, மாடு மேய்ப்பது, கனிமம் எடுப்பது, வேட்டையாடுவது என்று எல்லாவற்றுக்கும் அங்கே அனுமதிமுறை இருக்கிறது. மக்கள் வந்து தங்குவதும் அந்தப் பயன்பாடுகளில் ஒன்று. மொத்தப் பரப்பு சுமார் 19 கோடி 30 இலட்சம் ஏக்கர். எங்கள் முழுத் தீவையும் பன்னிரண்டு தடவை அதற்குள் வைக்கலாம்.

இந்தக் காடுகளில் கட்டணம் அறவிடும் தங்குமிடங்களும் உள்ளன. மேசை, குழாய்த் தண்ணீர், மலசலகூடம் இருக்கும், இரவுக்கு இருபது முப்பது டொலர் வரும். அவற்றுக்கு வெளியே, காட்டுப்பாதையோரம் கிடைத்த இடத்தில் கூடாரமடித்துத் தங்குவதைத்தான் 'டிஸ்பேர்ஸ்ட் காம்பிங்' என்கிறார்கள். சிதறித் தங்குதல் என்று சொல்லலாம். கட்டிலும் அடுப்பும் பொருத்திய வாகனத்தில் வந்து, மின் இணைப்பும் தண்ணீர்க் குழாயும் இல்லாமல் தங்கினால் அதற்குப் பெயர் 'பூன்டொக்கிங்'. இந்தச் சொல்லின் வேர் தகாலொக் மொழியில் மலையைக் குறிக்கும் 'புந்தொக்'. பிலிப்பைன்ஸைப் பிடிக்கப் போன அமெரிக்கப் படையினர் அந்தச் சொல்லை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். படையினர் தேடுதல் நடத்திய மலைக்காட்டின் பெயர் இன்று ஓய்வுப் பயணத்தின் பெயர்.

நாங்கள் போனது ஒரேகன் மாநிலத்தின் நடுப்பகுதியில் பென்ட் நகரைச் சூழ்ந்திருக்கும் டெஷுட்ஸ் தேசியக் காட்டுக்கு. எரிமலைச் சாம்பல் மண். வாகனம் போனால் பின்னால் மாவு போலத் தூசி எழும். சிவந்த பட்டையுடைய பொண்டரோசா பைன் மரங்கள். பட்டையில் மூக்கை வைத்தால் வனிலா வாசம் வருமென்று அண்ணா சொன்னபோது பகிடி என்று நினைத்தேன், உண்மைதான்.

எங்கே நிறுத்தலாம் என்பதை ஒவ்வொரு காட்டுக்கும் வனச்சேவை வெளியிடும் வாகனப் பாதை வரைபடம் சொல்லும். அதில் காட்டாத பாதையில் வாகனம் விடக்கூடாது. வரைபடத்தை இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஏற்கனவே ஆட்கள் தங்கித் தடம் பதிந்த இடத்திலேயே தங்க வேண்டும், புதிதாகப் புல்லை மிதித்து இடம் உண்டாக்கக் கூடாது. ஆறு, குளத்திலிருந்து தள்ளியிருக்க வேண்டும். மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 200 அடி தூரத்தில் ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும். குடிக்கும் தண்ணீர் முழுவதையும் நாங்களே கொண்டுபோக வேண்டும், குப்பை முழுவதையும் நாங்களே கொண்டுவர வேண்டும். அண்ணா ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கலன் என்று கணக்குப்போட்டு ஏற்றியிருந்தார். வரிசையில் நின்று பழகிய எனக்கு அது அதிகமாகத் தெரிந்தது. முகம் கழுவும்போதுதான் போதாது என்று விளங்கியது.

நெருப்புத்தான் மிகக் கடுமையான விடயம். 2024 ஒரேகனில் ஏறத்தாழ 19 இலட்சம் ஏக்கர் எரிந்த ஆண்டு. அதற்கு முன் ஓராண்டில் அவ்வளவு எரிந்ததில்லை. நாங்கள் போன நாட்களில் விறகு மூட்டத் தடை இருந்ததால், திருகினால் அணையும் எரிவாயு அடுப்பில்தான் தேநீர் வைத்தோம். போகுமுன் வனச்சேவைக் காரியாலயத்துக்கு ஒரு அழைப்பு எடுத்து, தடை இருக்கிறதா என்று கேட்பது வழக்கம். அமெரிக்காவிலுள்ள உறவினர்களோடு போக நினைப்பவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

எவ்வளவு நாள் தங்கலாம்? அநேகமான காடுகளில் பதினான்கு நாட்கள். பிறகு இடம் மாற வேண்டும்.

எங்களிலிருந்து நூறு மீற்றர் தள்ளி ஒரு பழைய வெள்ளை வான் நின்றது. கூரையில் சூரியத்தகடு, பக்கத்தில் கட்டிய தறப்பாள், வாசலில் ஒரு நாய். அறுபது வயது மதிக்கத்தக்கவர் வந்து, நாய் கடிக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். மாலையில் கொஞ்சம் கதைத்தார். நகரில் வாடகை கூடியபின் இரண்டு வருடங்களாக வானில்தான் இருக்கிறாராம். "இன்று பதினொராம் நாள்" என்றார். அது மட்டும்தான் அவர் நாட்காட்டி. பதினான்கு முடிய இன்னொரு காட்டுப்பாதைக்குப் போவார், பிறகு மறுபடி இங்கே வருவார்.

அதே பாதை, அதே மரங்கள், அதே தறப்பாள். ஆனால் நாங்கள் காம்ப் அடிக்க வந்தவர்கள், அவர் சட்டத்தின் விளிம்பில் இருப்பவர். அனுமதியின்றித் தேசியக் காட்டு நிலத்தைக் குடியிருப்புக்காகப் பயன்படுத்துவது கூட்டாட்சி விதிகளின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 டொலர் வரை அபராதம் விதிக்கலாம். எத்தனை நாள் தங்கினாய் என்பதோடு, திரும்பிப்போக உனக்கு வீடு இருக்கிறதா என்பதும் அங்கே கேள்வியாகிறது. அம்மா தொலைபேசியில் கேட்டதும் அதைத்தான்.

அந்த ஆண்டு அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒருநாள் கணக்கெடுப்பில் வீடற்றோர் தொகை 7 இலட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டியது. அதே ஒரேகனிலுள்ள கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறுநகரம், பொது இடத்தில் போர்வை விரித்துப் படுப்போருக்கு அபராதம் விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரத்துக்குச் சார்பாக முடிந்தது. நகரில் படுக்க முடியாதவர்களுக்கு மிஞ்சிய இடங்களில் ஒன்று காடு. 2025 மே 1 ஆம் திகதி, பென்டுக்குத் தெற்கே சைனா ஹட் வீதியை அண்டிய சுமார் 26,000 ஏக்கர் காட்டை வனச்சேவை மூடியது. காட்டுத்தீ அபாயத்தைக் குறைக்க மரங்களை ஐதாக்கி, பற்றைகளைத் திட்டமிட்டு எரிக்கும் வேலை என்றார்கள். அந்த வேலை தேவையானது, பல ஆண்டுகளாகத் திட்டமிடப்பட்டதும்கூட. ஆனால் அங்கே வான்களிலும் கூடாரங்களிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். சிலர் தடையுத்தரவு கேட்டு நீதிமன்றம் போனார்கள், கிடைக்கவில்லை. வெள்ளை வான்காரர் அப்போது எந்தப் பாதையில் நின்றாரோ தெரியாது.

அந்தக் கோடையில் அண்ணா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, 97 ஆம் இலக்க நெடுஞ்சாலையால் இன்னும் தெற்கே ஃப்ரிமொன்ட் - வினிமா தேசியக் காட்டுக்குப் போய் வந்தார். படங்கள் அனுப்பினார். நான் அந்தக் காட்டின் வரலாற்றைத் தேடிப் பார்த்தேன்.

கிளமத், மோடொக், யஹூஸ்கின் மக்கள் 1864 இல் அரசோடு ஒப்பந்தம் செய்து, இரண்டு கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை விட்டுக்கொடுத்து, ஒரு பகுதியைத் தங்களுக்கென வைத்துக்கொண்டார்கள். விலைமதிப்புள்ள பைன் காடு அது. 1954 இல் காங்கிரஸ் ஒரு சட்டத்தால் அவர்களைப் பழங்குடியாக அங்கீகரிப்பதையே நிறுத்தியது. விலகிக்கொண்ட ஒவ்வொருவருக்கும் 43,000 டொலர் கொடுக்கப்பட்டது. அவர்களின் காட்டில் பெரும் பகுதி 1961 இல் வினிமா தேசியக் காடு ஆனது. வினிமா என்பது ஒரு மோடொக் பெண்ணின் பெயர். 1986 இல் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. நிலம் திரும்பவில்லை.

இதை வாசிக்கும்போது எமக்கு எங்கே மனம் போகும் என்பதை விளக்கத் தேவையில்லை. 1990 இல் புலிகளால் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்தபின் மன்னாரின் தெற்குக்குத் திரும்பிய முஸ்லிம் மக்கள், தங்கள் ஊர்க்காணிகளில் ஒரு பகுதி 2012 வர்த்தமானியால் ஒதுக்கக்காடாகியிருப்பதைக் கண்டார்கள். ஆள் இல்லாத இடத்தில் பற்றை வளரும், பற்றை வளர்ந்த இடம் வரைபடத்தில் பச்சையாகத் தெரியும். வன்னியிலும் எல்லைக்கல்லைப் பார்த்த பிறகுதான் தன் காணி காடாகிவிட்டதை அறிந்தவர்கள் உண்டு. காடு பாதுகாக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. காடு என்று கோடு போடும் நாளில் அங்கே யார் இல்லை, ஏன் இல்லை என்பதை மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது.

கிளமத் மக்களின் கதையை அண்ணாவுக்குச் சொன்னேன். "அப்ப நாங்கள் படுத்தது ஆற்ற காணியில?" என்று கேட்டார்.

சட்டப்படி கூட்டாட்சி அரசின் காணி. ஆனால் 1864 ஒப்பந்தம் தந்த வேட்டை, மீன்பிடி உரிமைகள் நிலத்தோடு போய்விடவில்லை என்று 1974 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிளமத் மக்கள் அந்தக் காட்டுக்குள் இன்றும் வேட்டைக்கு வரலாம். கூடாரம் அடிப்பவர்களுக்கு நாள் கணக்கு அங்கேயும் இருக்கிறது.