கிளட்ச் பிளேட்டும் கிலோமீட்டர் கணக்கும்

"கிளட்ச் பிளேட் எத்தனை கிலோமீட்டர் வரும்?" கார் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. ஒருத்தருக்கு 40,000-லேயே போயிடுது. அதே மாடல் இன்னொருத்தரிடம் ஒரு லட்சம் தாண்டியும் ஓடுது. கிளட்ச் தேய்வது ஓடுவதால் அல்ல, வழுக்குவதால்.

எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இறுகி இருக்கும். பெடலை முழுக்க விட்டுவிட்டால் மூன்றும் ஒன்றாகவே சுற்றும். உரசல் இல்லை, தேய்மானமும் இல்லை. கால் பாதியில் நிற்கும்போதுதான் எஞ்சின் ஒரு வேகத்திலும் பிளேட் வேறு வேகத்திலும் சுற்றி, உரசிச் சூடாகின்றன.

எவ்வளவு சூடு என்று ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு 1,000 கிலோ எடை. முதல் கியரில் மணிக்கு 8 கி.மீ. வேகத்துக்கான எஞ்சின் சுழற்சி. சமதரையில் ஒருமுறை கிளம்ப, கிளட்சில் வெப்பமாகப் போவது சுமார் 2.5 கிலோஜூல். இப்போ மால் பேஸ்மென்ட்டிலிருந்து மேலே வரும் சரிவு, 10 அடிக்கு 1 அடி ஏற்றம் என்று வையுங்கள். அங்கே பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தினால், ஒவ்வொரு விநாடியும் 2.2 கிலோஜூல். ரெண்டு இஸ்திரிப்பெட்டியின் சூடு அது! அரை நிமிஷம் அப்படி நின்றால், 25 தடவை கிளம்பிய தேய்மானம்.

இனி செலவு. பில்லில் பிளேட்டின் விலை ஒரு பகுதிதான். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி தனி. அதனால்தான் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றச் சொல்கிறார்கள். அது ஏமாற்று இல்லை. 'பேரிங் நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிட்டு ஆறு மாதத்தில் அது சத்தம் போட்டால், அதே கூலியை மறுபடி கொடுக்கணும். சிறிய பெட்ரோல் காருக்கு மொத்தம் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரலாம். டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள டீசல் காரில் அதுவும் போயிருந்தால் பில் பல மடங்கு ஏறும்.

எனவே சரி சொல்வதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்யுங்க. காலியான ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் நான்காம் கியர் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது, மாற்றத்தான் வேண்டும். மாறாக, கியர் விழாமல் கரகரத்தால் பெரும்பாலும் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை என்று அர்த்தம். முதலில் கேபிளையோ ஹைட்ராலிக் சிலிண்டரையோ பார்க்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸைத் தொடாமலே, சில நூறு ரூபாயில் கூட வேலை முடியலாம்.

சரிவில் நிற்க ஹேண்ட்பிரேக் போடுங்க. அதற்குத் தேய்மானச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.