லாரியில் சரக்கு ஏறும் முன்னே

பால்மரம் நின்ற காலத்தில் கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தோட்டக் கடைகளில் காசு கொடுத்துச் சாமான் வாங்கியவர்கள் குறைவு. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை; வயிறோ தினமும் கேட்கும். இடையில் உள்ள நாள்களை ஓட்டியது சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு சின்ன நோட்டு. அட்டையில் 555 என்று போட்டிருக்கும். மலாய்க்காரர்கள் ‘பூக்கு தீகா லீமா’ என்பார்கள். தேதி, அரிசி, சாடின் டின், பால் டின், மண்ணெண்ணெய்; எதிரே வெள்ளியும் காசும். சம்பளத்தன்று எல்லாவற்றையும் கூட்டிக் குறுக்கே ஒரு கோடு. கட்டியது போக மிச்சம் அடுத்த பக்கத்தின் தலையில் ‘பழைய பாக்கி’ என்று ஏறிக்கொள்ளும்.

யாருக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று அந்த நோட்டில் எங்கும் எழுதியிருக்காது. ஆனால் வரம்பு இருந்தது, கடைக்காரர் மனத்தில். காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, யார் போகிறார், யார் போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். விடிகாலையில் மழை பிடித்துக்கொண்டால் அன்று மரம் வெட்ட முடியாது, அன்றைய பேரும், அதாவது கூலிக் கணக்கும், விழாது என்பது தெரியும். பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலையுதிர்க்கும்போது பால் குறையும், அந்த மாதத்துச் சம்பளமும் இளைக்கும் என்று தெரியும். வீட்டில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்பதை வைத்து அவர் ஒரு கணக்கு போட்டிருப்பார். “இந்த மாசம் இதோட நிறுத்திக்கம்மா, சம்பளம் போட்டதும் பாத்துக்கலாம்” என்று அவர் சொன்னால், அது அந்தக் கணக்கிலிருந்து வந்த வார்த்தை.

கோலசிலாங்கூர் பட்டணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இன்று மொத்த வியாபாரம் செய்பவர்களின் மேசையில் கணினி இருக்கிறது. ஆட்டோகவுண்ட், எஸ்கியூஎல் அக்கவுண்ட் போன்ற மலேசியக் கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடன் வரம்பு எழுதிவைக்க இடம் உண்டு. தவணை தாண்டிய பாக்கிக்குத் தனியாக இன்னொரு வரம்பும் வைக்கலாம். புது ஆர்டர் வரும்போது வரம்பு மீறினால் எச்சரிக்க வேண்டுமா, கடவுச்சொல் கேட்க வேண்டுமா, ஒரேயடியாகத் தடுக்க வேண்டுமா என்றும் சொல்லிவைக்கலாம். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் இந்தப் பகுதியை மட்டும் பலர் திறந்தே பார்ப்பதில்லை. திறந்தவர்களிலும் பலர் இன்வாய்ஸ் போடும் கட்டத்தில்தான் இந்தச் சோதனையை வைத்திருக்கிறார்கள். அதற்குள் சரக்கு லாரியில் ஏறியிருக்கும், சில நேரம் கடையில் இறங்கியும் இருக்கும்.

வரம்பு மீறுகிறதா என்ற கேள்வியை ஆர்டர் எடுக்கும்போதே கேட்டாக வேண்டும். அதற்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2024 ஆகஸ்டு 1 முதல் உள்நாட்டு வருமான வரி வாரியம் மின்-இன்வாய்ஸ் முறையைப் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறது. வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் ஓர் இன்வாய்ஸ் சரிபார்க்கப்பட்டுவிட்டால் அதை ரத்து செய்ய 72 மணி நேரம்தான். அதற்குமேல் கிரெடிட் நோட்டு போட்டுத்தான் சரிசெய்ய முடியும். “இந்த ஆளுக்குக் கொடுத்திருக்கக் கூடாதே” என்று நான்காம் நாள் தோன்றினால், சரக்கைத் திருப்பி எடுக்கும் அலைச்சலோடு தாள் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

மென்பொருள் எதைக் கூட்டுகிறது என்று கவனிக்கவேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு மினி மார்க்கெட்டுக்கு 20,000 ரிங்கிட் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் அந்தக் கடையின் பாக்கி 14,500. இன்று 4,200 ரிங்கிட்டுக்கு ஆர்டர் வருகிறது. இரண்டையும் கூட்டினால் 18,700. தாராளமாகப் போகும் என்று தோன்றும். ஆனால் போன வாரம் எடுத்து இன்னும் அனுப்பாத ஆர்டர் 3,800-க்கு இருக்கிறது. அதையும் சேர்த்தால் 22,500. வரம்பு போயிற்று. அந்த 14,500 என்ற பாக்கி எப்படி வந்தது என்று தோண்டிப் பார்த்தால், அடுத்த மாதத் தேதியிட்ட 5,000 ரிங்கிட் காசோலையை வாங்கிய அன்றே வரவு வைத்துக் கழித்திருப்பார்கள். அந்தக் காசோலை இன்னும் மேசை டிராயரில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்தால் இந்தக் கடைக்காரரை நம்பி வெளியில் நிற்கப்போகும் பணம் 27,500 ரிங்கிட். ஒரே வாடிக்கையாளர், ஒரே நாள். எதைக் கூட்டினோம் என்பதைப் பொறுத்து 18,700 அல்லது 27,500. அனுப்பாத ஆர்டரையும் இன்னும் பணமாகாத காசோலையையும் சேர்த்துக் காட்டாத வரம்பை நம்பி வியாபாரம் செய்யக் கூடாது. மென்பொருள் விற்றவரைக் கூப்பிட்டு முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இனி ஆள் விஷயம்: வரம்பைத் தாண்டவிடுவது யார்? எண்ணைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன். பழைய தோட்டக் கதையிலிருந்தே தொடங்கலாம்.

மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. அதற்கு முன்பே ஊன்றிவிட்ட கங்காணி முறை 1938 வரை தொடர்ந்தது. அந்த ஆண்டு இந்திய அரசு உதவிபெற்று வரும் கூலித் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை போட்டது. கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் கட்டினார். தன் ஆள்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு வாங்கினார். பல தோட்டங்களில் கடையும் அவருடையது, கைமாற்றுக் கொடுப்பவரும் அவரே. கடன்பட்டவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போகாத வரை தலைக்காசு வரும். விற்பவர், கடன் தருபவர், கடன் தீராமல் இருந்தால் லாபம் அடைபவர் மூவரும் ஒருவராகவே இருந்ததால், ‘போதும், இதற்குமேல் வேண்டாம்’ என்று சொல்லும் வாய் அந்தத் தோட்டங்களில் இல்லை. கடையில் வரம்பு இல்லாமல் சாமான் கிடைத்தது அந்தக் குடும்பங்களுக்கு அனுகூலமாக இருக்கவில்லை. அப்பாவின் பாக்கி பிள்ளையின் பேரில் ஏறிய கதைகளைத் தோட்டத்துப் பெரியவர்கள் பலர் சொல்லிக் கேட்டிருப்போம்.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் முதலாளி தரப்பில் இதற்குப் பூட்டுப் போட்டது. வீடு, மருத்துவம் போன்ற சில தேவைகளைத் தவிர, முந்திய மாதச் சம்பளத்துக்கு மேல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்கிறது 22-ஆம் பிரிவு. பிடித்தம் பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 24-ஆம் பிரிவில் இருக்கிறது. சம்பளத்தை இன்ன கடையில், இன்னாரிடம்தான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது 26-ஆம் பிரிவின்படி செல்லாது. முன்பணத்துக்கு வட்டி கூடாது என்பது 27. கடன் வரம்பு என்றால் கொடுப்பவரின் பணத்தைக் காப்பது என்றுதான் வியாபாரிகள் நினைக்கிறோம். சட்டம் எழுதியவர்கள் வாங்குபவரைக் காக்க அதே வரம்பைப் போட்டார்கள்.

தலைக்காசு போய்விட்டாலும் அந்த முடிச்சு வேறு உருவத்தில் இன்றும் நம் அலுவலகங்களில் இருக்கிறது. விற்பனையாளருக்கு விற்ற தொகையில் கமிஷன். ஆர்டரை எழுதுபவரும் அவரே, “அண்ணே நல்ல மனுசன், கட்டிருவாரு” என்று பரிந்து பேசுபவரும் அவரே. மென்பொருள் சிவப்பு காட்டினால் முதலாளிக்குப் போன். முதலாளி கல்யாண மண்டபத்தில் இருப்பார்; கடவுச்சொல்லைச் சொல்லிவிடுவார். அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கடவுச்சொல் கிடங்குவரை எல்லாருக்கும் தெரியும். “பாஸ் ஓகே சொல்லிட்டாரு, ஏத்து” என்று ஒரு குரல், சரக்கு ஏறும். எந்த பாஸ், எப்போது, என்ன காரணத்தால் என்பது எங்கும் இருக்காது.

விற்பனையில் ஆதாயம் உள்ளவரிடம் வரம்பைத் தாண்டவிடும் அதிகாரம் இருக்கக் கூடாது. சின்ன நிறுவனத்தில் ஐந்தாறு பேர்தானே, எப்படிப் பிரிப்பது என்பார்கள். கணக்கு பார்க்கும் அக்காவிடம் கொடுங்கள். அவருக்குக் கமிஷன் இல்லை, யார் சொன்ன தேதியில் கட்டுகிறார் என்பதும் அவருக்குத்தான் தெரியும். ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல். தாண்டவிட்டால் காரணம் ஒரு வரி எழுதியாக வேண்டும். கமிஷனை விற்ற அன்று கணக்கிடாமல் பணம் வந்த அன்று கணக்கிட்டால், விற்பனையாளரே ஆர்டர் எடுக்குமுன் பாக்கியைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். நான் பார்த்தவரை இந்த ஒரு மாற்றத்துக்கு உள்ள பலம் எந்த மென்பொருள் பூட்டுக்கும் இல்லை.

மறுக்கும் விதமும் இருக்கிறது. கடையில் நான்கு வாடிக்கையாளர் நிற்கும்போது விற்பனையாளர் ஆர்டர் எழுதி முடித்துவிட்டு, கைப்பேசியைப் பார்த்து “அண்ணே, ஒங்க அக்கவுண்ட்ட பிளாக் பண்ணிட்டாங்க” என்றால் அந்த மனிதர் அந்த நிறுவனத்தின் பக்கம் திரும்ப மாட்டார், பாக்கியைக் கட்டவும் அவசரப்பட மாட்டார். கிளம்பும் முன்பே அன்றைய கடைகளின் நிலவரம் விற்பனையாளர் கையில் இருந்தால், முதல் நாளே தனியாகப் பேசிவிடலாம். மாதக் கணக்கு அனுப்பும்போது வரம்பு எவ்வளவு, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அதிலேயே போட்டு அனுப்பிவிட்டால், மறுப்பு அவருக்குத் திடீர் அவமானமாக வராது.

புது வாடிக்கையாளர் என்றால் வேறு சோதனை வேண்டும். ஏட்டில் பழைய வரவு இல்லையே. வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் காலத்தில் ஒரே கிட்டங்கிக் கட்டடத்தில் பல கடைகள் பெட்டியடி போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. புரோநோட்டு எழுதுமுன் பக்கத்துப் பெட்டியடியில் ஒரு வார்த்தை விசாரிப்பது அங்கே எளிது. இன்று அந்த இடத்தில் 1990 முதல் இயங்கும் சிடிஓஎஸ் போன்ற கடன் அறிக்கை நிறுவனங்கள் இருக்கின்றன. 2010-ஆம் ஆண்டு கடன் அறிக்கை நிறுவனங்கள் சட்டத்தின்படி தனிநபரின் அறிக்கையை எடுக்க அவர் ஒப்புதல் வேண்டும். கணக்குத் திறக்கும் பாரத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. நிறுவனத்தின் பதிவும் இயக்குநர் விவரமும் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்-இல் கட்டணம் கட்டி எடுக்கலாம். பட்டணத்து வியாபாரிகள் இதைச் செய்கிறார்கள். நம் பக்கத்தில் “யாரோட மவன்” என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்தக் கேள்வியும் வேண்டும், பாரமும் வேண்டும்.

மென்பொருளுக்குக் கொஞ்சமும் தெரியாத ஒன்று உண்டு: பருவம். கோலசிலாங்கூர் பக்கம் செம்பனை. 1917-இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்ட தென்னமரம் எஸ்டேட், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை பக்கம்தான். செம்பனையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை வெட்டலாம். சிறுதோட்டக்காரர் கையில் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை பணம் புரளும். வடக்கே தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சபாக் பெர்ணம் வரை நெல். ஆண்டுக்கு இரண்டு போகம். உரமும் மருந்தும் நடவின்போது வாங்கினால் பணம் அறுவடைக்குப் பிறகுதான்.

இப்போது ஓர் உர வியாபாரி இரண்டு பக்கத்துக் கடைகளுக்கும் 30 நாள் தவணை என்று ஒரே அளவைப் போட்டுவைத்தால் என்ன ஆகும்? நெல் பக்கத்துக் கடை ஒவ்வொரு போகத்திலும் இரண்டாம் மாதமே சிவப்பாகிவிடும். அவர் நாணயமானவர், அறுவடை முடிந்ததும் கட்டுகிறவர். இருந்தும் மேலுரம் போடவேண்டிய வாரத்தில் அவர் ஆர்டர் நிற்கும். அந்த வாரம் தவறினால் விளைச்சல் குறையும், அவருக்கு வரவேண்டிய பணமும் குறையும். மறுபக்கம், செம்பனைப் பக்கத்துக் கடை ஒன்று ஒரு மாதம் முழுக்கப் பணம் கட்டவில்லை என்றால் அது நிஜமாகவே யோசிக்க வேண்டிய சேதி. அங்கே குலை வெட்டாத மாதம் கிடையாது. மென்பொருளோ 30 நாள் ஆகும்வரை பச்சையையே காட்டிக்கொண்டிருக்கும். நெல்லுக்கு அறுவடை மாதத்தை ஒட்டிய தவணையும், செம்பனைக்குச் சின்ன வரம்போடு குறுகிய தவணையும் என்று வாடிக்கையாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் போட அரை நாள் வேலை ஆகும். இலையுதிர் மாதத்தைப் பார்த்து ஏட்டை இறுக்கிய கடைக்காரர் இதை ஒருவரும் சொல்லாமலே செய்திருப்பார்.

தீபாவளிக்கு முந்திய மாதத்தில் வழக்கத்தைவிடக் கூடுதல் சரக்கு கேட்காத கடை இந்த வட்டாரத்தில் இல்லை. வரம்பை ஏற்றித்தான் ஆகவேண்டும். ஏற்றும்போதே இறக்கும் தேதியையும் மென்பொருளில் போடுங்கள்; அதற்கு இடமில்லாத மென்பொருளாக இருந்தால் நாள்காட்டியில் எழுதி மாட்டுங்கள். பண்டிகைக்கென்று ஏற்றிய 10,000 ரிங்கிட் பல ஏடுகளில் மறு வருசத் தீபாவளி வந்த பிறகும் அப்படியே நிற்கிறது.