கேள்விக்குறி: தமிழிலும் ஆங்கிலத்திலும்

கேள்விக்குறி அல்லது வினாக்குறி (?) என்பது ஒரு வாக்கியம் வினா என்பதைக் காட்ட அதன் இறுதியில் இடப்படும் நிறுத்தக்குறி ஆகும். இக்குறி வரும் இடத்தில் தனியாக முற்றுப்புள்ளி இடுவதில்லை.

தோற்றம்

ஐரோப்பாவில் இலத்தீன் கையெழுத்துப் படிகளில் 8ஆம் நூற்றாண்டளவில் வினாவுக்கெனத் தனிக்குறி தோன்றியது. தமிழ் ஓலைச்சுவடிகளில் இத்தகைய நிறுத்தக்குறிகள் வழக்கில் இல்லை. அச்சும் உரைநடையும் வளர்ந்த 19ஆம் நூற்றாண்டில் அவை தமிழில் பரவின. அவற்றைத் தம் நூல்களிலும் பதிப்புகளிலும் முறையாகக் கையாண்டவர்களுள் ஆறுமுக நாவலர் (1822–1879) குறிப்பிடத்தக்கவர்.

தமிழில் வினா

குறி இல்லாத காலத்திலும் தமிழ் வினாவில் குழப்பம் நேரவில்லை. வினாப்பொருள் சொல்லிலேயே இருப்பதுதான் காரணம். எ, யா ஆகியவை சொல்லின் முதலிலும், ஆ, ஓ ஆகியவை இறுதியிலும், ஏ ஈரிடத்தும் வினாப்பொருளைத் தரும் என்பது நன்னூல் கூறும் இலக்கணம். 'வருவான்' என்பதோடு 'ஆ' சேர்ந்தால் 'வருவானா' என வினாவாகிவிடும்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தமிழோடு புழங்கும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே முறை உண்டு. தெலுங்கில் 'வஸ்தாடா', கன்னடத்தில் 'பர்த்தானா' என்று கேட்பார்கள். மூன்றிலும் ஈற்றில் நிற்பது அதே 'ஆ'.

குறி இட வேண்டிய இடங்கள்

- நேர் வினா: பேருந்து எப்போது வரும்?
- மேற்கோளுக்குள் வரும் வினா: "சாப்பிட்டாயா?" என்று அம்மா கேட்டார்.
- விடை எதிர்பாராத வினா: உழைக்காமல் உயர முடியுமா?
- வினா எழுத்து இல்லாத வினா: நாளை விடுமுறை?

கடைசி வகையில் குறி கட்டாயம் தேவை. தொழிற்சாலை ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 'நாளை விடுமுறை' என்று குறியில்லாமல் கேட்டால், மற்றவர்கள் அதை அறிவிப்பாக எடுத்துக்கொண்டு வேலைக்கு வராமல் இருந்துவிடலாம். 'நாளை விடுமுறையா' என்று எழுதியிருந்தால், குறி விடுபட்டாலும் பொருள் மாறாது.

குறி இடக்கூடாத இடங்கள்

வினாச்சொல் வந்தாலே கேள்விக்குறி இட வேண்டும் என்று மாணவர்கள் பலர் எண்ணுகின்றனர். கீழ்க்காணும் வாக்கியங்களில் வினாச்சொல் இருந்தும் குறி தேவையில்லை.

- அவர் எப்போது வருவார் என்று தெரியவில்லை.
- யார் வந்தாலும் உட்காரச் சொல்.
- யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
- எவ்வளவு பெரிய அணை! (இங்கு வியப்புக்குறி வரும்.)

முதல் வாக்கியத்தில் வினா, 'என்று' என்ற சொல்லுக்குள் அடங்கிவிட்டது. முடிக்கும் சொல்லான 'தெரியவில்லை' செய்தியைத்தான் சொல்கிறது. அதே வாக்கியம் 'தெரியுமா' என்று முடிந்தால் கேள்விக்குறி வரும். முடிக்கும் வினை கேட்கிறதா, சொல்கிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை.

ஆங்கிலத்தில் உள்ள வேறுபாடு

ஆங்கிலத்தில் வினா விகுதி இல்லை. சொற்களின் வரிசையை மாற்றியோ, வினாச்சொல் சேர்த்தோ, குரலை உயர்த்தியோ வினா அமைப்பார்கள். 'யூ ஆர் கமிங்' என்பது முற்றுப்புள்ளியோடு செய்தி; கேள்விக்குறியோடு வினா. ஆகவே ஆங்கிலத்தில் இக்குறி சில இடங்களில் பொருளையே தீர்மானிக்கிறது.

தமிழில் முடிக்கும் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் முதன்மை வாக்கியம் பெரும்பாலும் முன்னால் வரும். எனவே சோதனையைத் தொடக்கத்தில் செய்ய வேண்டும். 'டு யூ நோ' என்று தொடங்கினால் கேள்விக்குறி. 'ஐ டோன்ட் நோ' என்று தொடங்கினால் முற்றுப்புள்ளி. பின்னால் 'வென் ஹி வில் கம்' என்ற ஒரே தொடர் வந்தாலும் விதி இதுவே.

வேலை விண்ணப்பங்களில் 'ஐ வுட் லைக் டு நோ வெதர்' என்று தொடங்கும் வாக்கியத்தின் முடிவில் கேள்விக்குறி இடுவது பரவலான பிழை. அது விருப்பத்தைத் தெரிவிக்கும் செய்தி வாக்கியம், முற்றுப்புள்ளியே சரி. 'குட் யூ ப்ளீஸ்' என்று தொடங்கும் பணிவான வேண்டுகோளுக்குப் பொதுவாகக் கேள்விக்குறி இடுவர். முற்றுப்புள்ளியை ஏற்கும் நடைக்கையேடுகளும் உண்டு.

பிற பயன்பாடு

ஓர் ஆண்டோ பெயரோ ஐயத்துக்குரியது என்பதைக் காட்ட, அதன் அருகே அடைப்புக்குள் (?) இடுவது உண்டு. ஒரே வினாவுக்கு இரண்டு மூன்று கேள்விக்குறிகளை அடுக்குவது அலுவல் எழுத்தில் தவிர்க்கப்படுகிறது. படிப்பவருக்கு அது அதட்டலாகத் தோன்றக்கூடும்.