வாக்கிங் போகும் முன் டீ, பிஸ்கட் சாப்பிட்டா கொழுப்பு கரையாதா? உண்மை என்ன?

காலை ஐந்தரை மணி. ஷூவை மாட்டிக்கொண்டு வாக்கிங் கிளம்பும் நேரத்தில் பல வீடுகளில் ஒரு சின்ன பஞ்சாயத்து நடக்கும். "ஒரு வாய் டீயாவது குடிச்சுட்டுப் போங்க" என்பார் ஒருத்தர். "வெறும் வயித்துல நடந்தாதான் கொழுப்பு கரையும், வீடியோல சொன்னாங்க" என்பார் இன்னொருத்தர்.

யார் சொல்வது சரி? இரண்டாவது நபர் சொல்வதில் அறிவியல் இருக்கிறது. ஆனால் அவர் நினைக்கிற அளவுக்கு அதில் பலன் இல்லை. வீட்டில் சுகர் மாத்திரை போடுகிறவர் இருந்தால், இதைத் தப்பாகப் புரிந்துகொள்வது ஆபத்தாகவே முடியலாம்.

இன்சுலின் போடும் பூட்டு

நடக்கும்போது தசைகளுக்கு முக்கியமாக இரண்டு எரிபொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று, நாம் சாப்பிடும் அரிசி, கோதுமை, சர்க்கரையில் இருந்து வரும் குளுக்கோஸ். இது கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமிக்கப்படுகிறது. எல்லாம் சேர்த்தாலும் அரை கிலோ அளவுக்குத்தான் இருக்கும். இன்னொன்று கொழுப்பு. அது ஒல்லியான உடம்பிலும் கிலோ கணக்கில் இருக்கிறது.

இரவு சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கும்போது ரத்தத்தில் இன்சுலின் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் கொழுப்பு செல்கள் தங்கள் சரக்கை உடைத்து, கொழுப்பு அமிலங்களாக ரத்தத்தில் விடுகின்றன. தசைகள் அதை எடுத்து எரிக்கின்றன. இந்த நிலையில் நடக்க ஆரம்பித்தால் கொழுப்பின் பங்கு நன்றாகவே இருக்கும்.

இப்போது சர்க்கரை போட்ட டீ, கூடவே நாலு பிஸ்கட் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும், அதைத் தொடர்ந்து இன்சுலினும் ஏறும். இன்சுலினுடைய வேலை சர்க்கரையைச் செல்களுக்குள் அனுப்புவது மட்டும் இல்லை. "வெளியில இருந்து சாப்பாடு வந்தாச்சு, கையிருப்பை எடுக்க வேண்டாம்" என்று கொழுப்பு செல்லுக்கும் அதுதான் உத்தரவு போடுகிறது. கொழுப்பை உடைக்கும் நொதிகள் அடங்கிவிடுகின்றன. இதற்கு இன்சுலின் எக்கச்சக்கமாக ஏற வேண்டும் என்பதுகூட இல்லை. கொஞ்சம் ஏறினாலே போதும்.

1997-ல் வெளியான ஆய்வு

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். ஓரளவு பயிற்சி உள்ள ஆண்களை ஒரு மணி நேரம் மிதமான வேகத்தில் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒரு நாள் வெறும் வயிற்றில். இன்னொரு நாள், ஒரு மணி நேரத்துக்கு முன்பு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் குளுக்கோஸ் கொடுத்து. மற்றொரு நாள் அதே அளவு ஃபிரக்டோஸ், அதாவது பழச் சர்க்கரை.

குளுக்கோஸ் குடித்த நாளில் கொழுப்பு உடைவதும் எரிவதும் தெளிவாகக் குறைந்தது. ஃபிரக்டோஸ் இன்சுலினை அந்த அளவுக்கு ஏற்றாது. ஆனாலும் அன்றைக்கும் கொழுப்பு எரிவது குறைந்துதான் போனது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் சுவாரசியம். குளுக்கோஸ் குடித்தவர்களுக்கு நரம்பு வழியாகக் கொழுப்பை ஏற்றி, ரத்தத்தில் கொழுப்பு அமிலம் தாராளமாக இருக்கும்படி செய்தார்கள். கொழுப்பு எரிவது ஏறியது. ஆனால் வெறும் வயிற்று அளவை எட்டவில்லை. அதாவது, கொழுப்பு செல்லின் வாசலில் மட்டும் பூட்டு இல்லை. தசைக்குள்ளே, கொழுப்பை எரிக்கும் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் வாசலிலும் ஒரு தடை இருக்கிறது. குளுக்கோஸ் நிறைய வரும்போது தசை அதையே முதலில் எரிக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. 70 கிலோ ஆளுக்கு அந்த அளவு 56 கிராம் சர்க்கரை. அரை லிட்டர் கூல்டிரிங்க்ஸில் இருப்பது கிட்டத்தட்ட அவ்வளவு. ஒரு கப் டீயின் பாதிப்பு அந்த அளவுக்கு இருக்காது.

அப்போ வெறும் வயித்துல நடந்தா வெயிட் குறையுமா?

இங்கேதான் வீடியோக்கள் பாதியில் நிறுத்திவிடுகின்றன. நடக்கும் அந்த 40 நிமிடத்தில் எது எரிந்தது என்பது வேறு. மாதக் கடைசியில் உடம்பில் எவ்வளவு கொழுப்பு குறைந்தது என்பது வேறு.

2014-ல் வெளியான ஒரு ஆய்வில் 20 இளம்பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் உடற்பயிற்சி, நான்கு வாரம். ஒரு குழு வெறும் வயிற்றில், இன்னொரு குழு சாப்பிட்டுவிட்டு. இரு குழுவுக்கும் கலோரி குறைந்த உணவுதான். முடிவில் இரண்டு குழுவிலும் எடையும் கொழுப்பும் குறைந்தன, ஆனால் இவர்களுக்குள் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், குறுகிய காலம்தான். ஆனாலும் கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடியது.

வித்தியாசம் ஏன் வரவில்லை? காலையில் கொழுப்பை அதிகம் எரித்த உடம்பு, மிச்ச நேரத்தில் கொழுப்பைக் குறைவாகவும் சர்க்கரையை அதிகமாகவும் எரித்துக் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்கிறது.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 65 கிலோ உள்ளவர் 40 நிமிடம் நடந்தால் சுமார் 150 கலோரி செலவாகும். அதில் கொழுப்பின் பங்கு 60 சதவீதம் என்றால் 10 கிராம் கொழுப்பு. டீ, பிஸ்கட்டால் பங்கு 40 சதவீதமாக இறங்கினால் சுமார் 7 கிராம். வித்தியாசம் 3 கிராம். வாக்கிங் முடித்துத் திரும்பும்போது டீக்கடையில் ஒரே ஒரு வடை சாப்பிட்டால் அதைவிட அதிகக் கொழுப்பு உள்ளே போய்விடும்!

அதனால் வெறும் வயிற்றில் நடக்கப் பிடித்தால் நடக்கலாம். தலை சுற்றுகிறது, கால் தளர்கிறது, பாதியிலேயே திரும்பிவிடுகிறேன் என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு முழு தூரமும் நடப்பதுதான் லாபம். வேகமாக ஓடுகிறவர்கள், பளு தூக்குகிறவர்களுக்கு மாவுச்சத்து அவசியமே. வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டுக் குளுக்கோஸையே அதிகம் கேட்கும்.

என்ன சாப்பிடுகிறோம் என்பதிலும் வித்தியாசம் உண்டு. சர்க்கரை, வெள்ளை பிரெட் மாதிரி சட்டென்று ரத்தத்தில் கலப்பவை கொழுப்பு எரிவதை அதிகம் தடுக்கும். சுண்டல், வேகவைத்த பயறு மாதிரி மெதுவாகச் செரிப்பவை அந்த அளவுக்குத் தடுக்காது. சர்க்கரையும் பாலும் இல்லாத பிளாக் காபி, பிளாக் டீயால் இந்தப் பிரச்சினையே கிடையாது.

சுகர் உள்ளவர்கள் கவனிக்க

இன்சுலின் ஊசி போடுகிறவர்கள், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரை எடுப்பவர்கள் கொழுப்பு கரையட்டும் என்று வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. இந்த மருந்துகள் சர்க்கரையை இறக்குகின்றன, நடையும் இறக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போய்விட வாய்ப்பு உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் மிகக் குறைவு.

கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, வியர்வை ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். சிக்கல் என்னவென்றால், "நடக்கிறோம், வியர்க்கத்தானே செய்யும்" என்று பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. இப்படி இருந்தால் உடனே உட்கார்ந்து, மூன்று, நாலு டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மறுபடியும் குடிக்க வேண்டும். ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை எப்போதும் பாக்கெட்டில் இருக்கட்டும். கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பார்த்து, 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே நடக்கலாம். நடை நேரத்தையும் மருந்து நேரத்தையும் எப்படி வைத்துக்கொள்வது என்று டாக்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு விஷயம். சாப்பிட்ட பிறகு நடந்தால் கொழுப்புக்குப் பதில் குளுக்கோஸ் எரிகிறது என்றோம் இல்லையா? சுகர் உள்ளவர்களுக்கு அதுதான் வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது.