மாமாங்கத்து வாசகனின் மனத்தராசு

மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கிற மட்டக்களப்பு அமிர்தகழியில், சும்மா பொழுதுபோக்குக்குக் கதை வாசிக்கிற ஒருத்தனின் அபிப்பிராயம் இது. பெரிய விமர்சனம் என்று நினைத்துவிடாதீர்கள்!

1970களில் வீரகேசரி பிரசுரம் மலிவு விலையில் நம் இலங்கை நாவல்களை வெளியிட்டது. அவற்றில் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978இல் படமாகவும் வந்தது. நாவலில் நெடுந்தீவுக் கடலும் மீனவர் வாடியும் அருமை. காதல் மட்டும் கொஞ்சம் சினிமாத்தனம். பாலமனோகரனின் 'நிலக்கிளி' அப்படியில்லை. வன்னிக் காட்டுக்குள் வளர்ந்த பதஞ்சலி, புத்தகத்தை மூடிய பிறகும் மனதை விட்டுப் போகமாட்டாள். என் முதல் பரிசு அவளுக்குத்தான்.

மட்டக்களப்பில் ஆசிரியராக இருந்த எஸ்.பொ.வின் 'தீ' நாவல் 1961இல் வந்தபோது ஆபாசம் என்று திட்டியவர்கள் ஏராளம். இன்று வாசித்தால் அதிர்ச்சி குறைவு. நடை ஆளை இழுக்கிறது. கதாநாயகனோ தன்னைப் பற்றியே பேசிச் சலிப்பூட்டுகிறான்.

விமல் குழந்தைவேலின் 'வெள்ளாவி' நாவலை மௌனமாக வாசிக்காதீர்கள். நம்ம மட்டக்களப்புப் பேச்சு அது. வாய்விட்டு வாசித்தால்தான் ருசி. அடுத்தமுறை நூலகத்துக்குப் போனால் கேட்டுப் பாருங்கள்.